கட்சிக்கு ஒரு பெண் குறைந்தபோது

டிம்னா ஹெஷனுக்கு அரசியலில் கொள்கை என்று எதுவும் கிடையாது. கட்சி மட்டும்தான் உண்டு. உங்கள் கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் ஊர் கில்ரோவனுக்குப் புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவளிடம் கேட்டார். "அவங்க அந்தக் கட்சி, நாங்க இந்தக் கட்சி," என்றாள். வாத்தியார் விடாமல் இன்னும் விளக்கமாகக் கேட்கவும், "உங்க அப்பாவுக்கு எந்த ஊரு?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் ஊரைச் சொன்னதும், "அதான் புரியல," என்று முடித்துவிட்டாள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய உள்நாட்டுச் சண்டையில் இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டதில் பிறந்தவை அந்த இரண்டு கட்சிகளும். பிறகு சுடுவதை நிறுத்தினார்கள், முறைப்பதை நிறுத்தவில்லை. டிம்னாவின் அம்மா எதிர்க்கட்சிக்காரர் கடையில் ரொட்டி வாங்க மாட்டார். ஆத்திர அவசரத்துக்கு வாங்கினாலும் அதற்கு வெண்ணெய் தடவ மாட்டார். அப்படி இருக்க, தலைநகர் டப்ளினில் இரண்டு கட்சியும் கைகோத்துக் கூட்டணி ஆட்சி அமைத்தபோது கில்ரோவனில் பலருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிம்னா நன்றாக யோசித்து, "அது டப்ளின்ல. இங்க செல்லாது," என்று தீர்ப்புச் சொன்னாள். ஊர் நிம்மதியாக மறுபடி முறைக்க ஆரம்பித்தது.

அவள் வேலை பார்த்தது நாற்சந்தி பெட்ரோல் பங்க்கில் இருக்கும் சாப்பாட்டுக் கவுண்டரில். நீள பன்னைக் கீறி, சாசேஜும் பேக்கனும் பொரித்த முட்டையும் அடைத்துத் தாளில் சுற்றிக் கொடுப்பாள். லாரி டிரைவர், நர்ஸ், பாதிரியார், மாட்டுத் தரகர் என்று காலையில் அந்த வரிசையில் நிற்காத ஆளே கில்ரோவனில் இல்லை. எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பேச்சு இல்லை, எந்த வீட்டு மருமகள் மாமனாரிடம் தலையாட்டிவிட்டு வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுவாள் என்பதெல்லாம் டிம்னாவுக்கு அத்துப்படி. இளம்வயதிலேயே கட்சிக் கிளைக்குச் செயலாளர் ஆனவள், அந்தப் பதவியை யாரும் கேட்காததால் அப்படியே வைத்துக்கொண்டாள்.

அவளுடைய உழைப்பு முழுக்க லோர்கன் ஃபேஹிக்குப் போனது. லோர்கன் எங்கள் தொகுதி எம்.பி.க்களில் ஒருவர். இருபது வருஷத்துக்கு மேலாக நாற்காலியை விட்டு இறங்காதவர். நல்ல உயரம், கணீர்க் குரல், வெள்ளிக் கம்பி போன்ற அடர்ந்த முடி. அந்த முடி மட்டும் தனியாகத் தேர்தலில் நின்றாலும் ஜெயிக்கும் என்பார்கள். மேடைதோறும், "டிம்னா என் வலது கை," என்பார். வலது கைக்கு மேடையில் நாற்காலி போட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் பக்கத்தில் எம்.பி. சட்டம் இயற்றுகிறாரா என்று யாரும் பார்ப்பதில்லை. சாவு வீட்டுக்கு வந்தாரா என்று பார்ப்பார்கள். டிம்னா முட்டை பொரித்துக்கொண்டே ரேடியோவில் மரண அறிவிப்பு கேட்பாள். கேட்ட கையோடு லோர்கனுக்குச் செய்தி பறக்கும். ஒரு தடவை அவர் முகவரியைச் சரியாகப் படிக்காமல், வாசலில் கார்கள் நிறைய நின்ற வேறொரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அது பிள்ளைக்கு ஞானஸ்நான விருந்து. லோர்கன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேரே தாயிடம் போய், இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து, "உங்க கஷ்டத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்," என்றார். அவளுக்கு அது நாலாவது குழந்தை. "அப்பாடா, ஒரு ஆளுக்காவது புரிஞ்சுதே," என்றாள் அவள். அன்று முதல் அந்த வீட்டு ஓட்டு லோர்கனுக்குத்தான்.

ஆனால் டிம்னாவின் உண்மையான திறமை வேறு. இங்கே ஒரு தொகுதிக்கே நாலைந்து எம்.பி.க்கள், ஒரே கட்சியிலிருந்து இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. மனசுக்குப் பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, பரவாயில்லை என்கிறவருக்கு மூன்று என்று எண் போட வேண்டும். எண்ணும்போது கடைசியில் நிற்கும் ஆளை ஒவ்வொருவராகக் கழித்துவிட்டு, அவருடைய சீட்டுகளை அதில் அடுத்த எண் வாங்கியவர்களுக்குத் தள்ளிக்கொண்டே போவார்கள். அதனால் எதிரியைவிட ஆபத்தான ஆள், சொந்தக் கட்சியிலேயே கூட நிற்பவர்தான். அவரை ஒழிக்கத் திட்ட வேண்டியதில்லை. 'அவர் சேஃப்' என்று சொன்னால் போதும். சேஃபாக இருக்கிறவருக்கு என்னுடைய ஒன்றாம் எண் எதற்கு, பாவம் அந்த இன்னொருத்தருக்குப் போடுவோம் என்று நல்ல மனசுக்காரர்கள் எல்லோரும் நினைப்பார்கள். எங்கள் தொகுதியில் நல்ல மனசுக்காரர்கள் அதிகம். அவர்களால் கவிழ்ந்தவர்களும் அதிகம்.

லோர்கனோடு ஒரு தேர்தலில் இளம் டாக்டர் ஒருவர் நின்றார். கெட்டிக்காரர், ஊரே கொண்டாடியது. டிம்னா கவுண்டருக்கு வந்தவர்களிடமெல்லாம், "டாக்டரா? முதல் சுத்துலயே ஜெயிச்சிடுவாரு, சேஃப்," என்று சொல்லிக்கொண்டே பன்னைச் சுற்றிக் கொடுத்தாள். டாக்டர் இப்போது நியூசிலாந்தில் வைத்தியம் பார்க்கிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் அந்த நவம்பர் தேர்தல் வந்தது. கட்சித் தலைவருக்கு அப்போது நேரம் சரியில்லை. அவர்மேல் தங்களுக்கு முழு நம்பிக்கை இருப்பதாக மந்திரிகள் வரிசையாக டிவியில் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். இந்த நாட்டில் ஒரு தலைவர்மேல் நாலு பேர் முழு நம்பிக்கை தெரிவித்தால் அவர் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியதுதான். இந்தக் கலவரத்துக்கு நடுவில் இன்னொரு தலைவலி: வேட்பாளர்களில் பத்துக்கு நாலு பேராவது பெண்கள் இல்லை என்றால் அரசாங்கம் கட்சிக்குத் தரும் பணத்தில் பாதியை வெட்டிவிடும். கணக்குப் பார்த்ததில் கட்சிக்கு ஒரு பெண் குறைந்தாள்.

லோர்கன் கவுண்டருக்கே வந்தார். "டிம்னா, உன் பேரைக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எம்.பி. தேர்தலுக்கு. பயப்படாத, நீ ஜெயிக்க வேண்டாம். இங்க நம்ம கட்சிக்கு இருக்கிற ஓட்டுக்கு ஒரு எம்.பி.தான் தேறும்னு உனக்கே தெரியும். உன் பக்கத்து ஓட்டை நீ வாங்கு. நீ கழிஞ்சதும் அது ரெண்டாவதா எனக்கு வந்துரும்."

"அப்ப நான் சல்லடை."

"வலது கை," என்று திருத்தினார் லோர்கன்.

டிம்னா சரி என்றாள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். ஒவ்வொரு தேர்தலிலும் ஆட்டுக்கொம்பு வைத்த தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் கோமாளி ஒருவன் உண்டு. அவனைவிடக் குறைவாக ஓட்டு விழுந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு முட்டை பொரிப்பது?

போஸ்டர் வந்தது. லோர்கனுடைய போஸ்டர்கள் பிரதான சாலை விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் ஏறின. டிம்னாவின் போஸ்டர்களை அவருடைய ஆட்கள் மாட்டுச் சந்தையின் பின்வாசல் சந்தில் வரிசையாகக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் புருஷன் யூஜீன் வாரத்துக்கு ஐந்து வார்த்தைக்குமேல் பேசாதவர். போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மாடுங்களுக்கு ஓட்டு இருந்தா நீதான் பிரதமர்," என்றார். அந்த வாரப் பேச்சு அதோடு தீர்ந்தது.

டிம்னா அதற்கும் சிரித்தாள். சிரிக்க முடியாமல் போனது தலைவர் வந்த அன்றுதான்.

தலைவர் கில்ரோவனுக்கு வந்து, கேமராக்கள் பின்தொடர, கடைகடையாக ஏறி இறங்கி, கடைசியில் பெட்ரோல் பங்க்குக்கு வந்தார். டிம்னா அன்றைக்கென்று நல்ல நீலக் கோட்டை ஏப்ரனுக்கு உள்ளே போட்டிருந்தாள். அவர் கவுண்டர்மேல் சாய்ந்து, பல் முழுவதும் தெரியச் சிரித்து, "அம்மா, உங்க ஓட்டு நமக்கு உண்டுதானே?" என்றார்.

தன் வேட்பாளரிடமே ஓட்டுக் கேட்கிறார் மனுஷன். பின்னால் நின்ற நிருபர் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். டிம்னா லோர்கனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும்: தலைவரே, இது டிம்னா, நம்ம வேட்பாளர். அவ்வளவுதான்.

லோர்கன் சத்தமாகச் சிரித்தார். "அவ ஓட்டு எங்க போகும் தலைவரே? அது நம்ம பாக்கெட்ல இருக்கு. நீங்க சாசேஜ் ரோல் சாப்பிட்டுப் பாருங்க."

தலைவர் சாப்பிட்டார். படம் எடுத்தார்கள். படத்தில் டிம்னாவின் கை மட்டும் விழுந்திருந்தது, இடுக்கியோடு. கை வலது கைதான். அன்று சாயந்தரம் வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டியபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபம் அப்படியே தங்கிவிட்டது, போகவில்லை.

மறுநாள் காலை ஜார்லத் மேனியன் வந்தான். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர். தொழில், சவப்பெட்டி செய்து அடக்கத்துக்கு ஏற்பாடு செய்வது. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பல வருஷமாக எலியும் பூனையுமாக இருந்தும், ஒருநாள்கூட அவள் கையால் சாப்பிடாமல் அவனுக்கு விடிந்ததில்லை.

"வா ஜார்லத். வியாபாரம் எப்படி?"

"செத்துக்கிட்டு இருக்கு, மகராசி. அதான் நல்லா இருக்கு." வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினான். "உங்க லோர்கனுக்கு இந்தத் தடவை ஜோருதான் போ. ஓட்டு எண்ணிக்கையில முதல் ஆளா வருவாரு. அவரு சேஃப்."

டிம்னாவுக்கு மூக்கில் வியர்த்தது. அவளுடைய ஆயுதத்தை அவளுடைய கவுண்டரிலேயே வைத்து அவள் ஆள்மேல் திருப்புகிறான் படுபாவி. வேறொரு நாளாக இருந்தால், "யாருய்யா சொன்னது? லோர்கன் கழுத்துல கத்தி தொங்குது! ஒவ்வொரு ஓட்டும் வேணும்!" என்று பங்க் அதிரக் கத்தியிருப்பாள். ஜார்லத் அதற்குத்தான் காத்திருந்தான். வரிசை மொத்தமும் காத்திருந்தது.

டிம்னா முட்டையைத் திருப்பிப் போட்டாள். "ஆமா," என்றாள். "லோர்கனுக்கு ஒரு குறையும் இல்ல."

ஜார்லத் வாயைத் திறந்தவன் மூடவில்லை. வரிசையில் அடுத்து நின்ற நர்ஸ் பிரீட் கேட்டாள்: "அப்ப நீ எப்படி இருக்க டிம்னா?"

"எனக்கென்ன... யூஜீன் போடுவாருன்னு நெனைக்கிறேன். இன்னும் கேக்கல."

பிரீட் அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தப் பார்வை டிம்னாவுக்குத் தெரியும். அடிபட்ட நாயைப் பார்க்கிற பார்வை. எத்தனையோ வேட்பாளர்களுக்காக அவளே ஊரிடமிருந்து சம்பாதித்துக் கொடுத்த பார்வை அது. முதல் தடவையாக அது தன்மேல் விழுந்ததில் அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் வேண்டாம் என்று தள்ளவில்லை.

அதற்கப்புறம் அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவள் சார்பில் சொல்லிவிட வேண்டும். கேட்டவர்களுக்கு லோர்கன் சேஃப் என்றாள். தன்னைப் பற்றிக் கேட்டால் பெருமூச்சு விட்டாள். வீடு வீடாகப் போய், "லோர்கனை மறந்துடாதீங்க, நான் கெடக்கறேன்," என்றாள். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்ததும் உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவளுக்குக் கேட்காமலே கேட்டது. அய்யோ பாவம், இந்தக் குளிர்ல அந்த ஆளுக்காக அலையறா, இவளுக்கு நாம ஒருத்தராவது ஒண்ணு போடுவோம். ஒவ்வொரு வீட்டிலும் அந்த ஒருத்தர் தாங்கள் மட்டுந்தான் என்று நினைத்தார்கள். வெளியே சொன்னால் லோர்கன் கோபித்துக்கொள்வார் என்பதால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் லோர்கன் போன் செய்தார்.

"டிம்னா, உன் காதுக்கு எட்டாதது இல்ல. ஏதாவது கேள்விப்படறியா? நான் எப்படி இருக்கேன்?"

அந்த நேரத்தில்கூட அவளால் முடியும். ஒரு போன், ரேடியோவில் ஒரு வார்த்தை, ராத்திரிக்குள் ஊர் முழுக்க லோர்கன் ஆபத்தில் இருக்கிறார் என்று பரவிவிடும். நல்ல மனசுக்காரர்கள் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். டிம்னா இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இருபது வருஷம் அவருக்காக மழையில் நின்றதெல்லாம் நெஞ்சில் வந்து முட்டியது. கூடவே சாசேஜ் ரோலும் வந்து முட்டியது.

"எல்லாரும் நல்லாதான் சொல்றாங்க லோர்கன்," என்றாள்.

போனை வைத்த பிறகு அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. தான் செய்தது துரோகம் என்று அவளுக்கே தெரிந்தது. மறுபடி போனை எடுக்க வேண்டும் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

ஓட்டு எண்ணியது விளையாட்டு அரங்கில். எண்ணுகிறவர்கள் ஒரு பக்கம் சீட்டுகளைப் பிரித்துக் கவிழ்க்க, தடுப்புக் கட்டையின் இந்தப் பக்கம் எல்லாக் கட்சி ஆட்களும் பென்சிலோடு எட்டி எட்டிப் பார்த்து, யாருக்கு ஒன்று விழுகிறது என்று கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். மற்ற நாளில் அடித்துக்கொள்கிறவர்கள் அன்றைக்கு மட்டும் கணக்கைப் பகிர்ந்துகொள்வார்கள். டிம்னா வேட்பாளராக இருந்தும் பழக்கம் விடவில்லை. ஜார்லத்துக்குப் பக்கத்தில் பென்சிலோடு நின்றாள்.

முதல் பெட்டி கவிழ்ந்தது. ஜார்லத் கோடு போட்டான், நிறுத்தினான், கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டான்.

"ஏம்மா, உனக்கு விழுதே."

"இது எங்க தெருப் பெட்டி."

அடுத்த பெட்டி. அதற்கடுத்த பெட்டி. ஆட்டுக்கொம்புத் தொப்பிக்காரன் எப்போதோ பின்னால் போய்விட்டான். ஜார்லத்தின் குரல் கம்மியது. "டிம்னா, இது லோர்கன் வீட்டுப் பக்கத்துப் பெட்டி. இதுலயும் நீதான் மேல."

"தெரியுது. கண்ணு இருக்கு."

"நான் லோர்கனைக் கவுத்து எங்க ரெண்டாவது ஆளை உள்ள கொண்டுவரப் பாத்தேன்." பென்சிலைக் காதில் சொருகினான். "நீ என் தோள்ல ஏறி உள்ள போயிட்ட. நான் ஒரு முழு முட்டாள்."

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?" என்றாள் டிம்னா. சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குக் கோடு போட்டாள். வெட்கமா சந்தோஷமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே அளவுக்கு இருந்தன. பாவம் பார்த்துப் போட்ட ஓட்டுதான். பாவம் பார்த்துப் போட்டாலும் எண்ணும்போது ஓட்டுதான்.

மத்தியானத்துக்குப் பிறகு லோர்கன் வந்தார். முடி அப்படியே இருந்தது, முகம்தான் இல்லை. டிம்னாவிடம் வந்து, "எப்படி இருக்கேன்?" என்று மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை அவள், "நல்லா இல்ல லோர்கன்," என்றாள்.

ஒவ்வொருவராகக் கழித்து, கடைசியில் லோர்கனையும் கழித்தார்கள். அவருடைய சீட்டுக் கட்டுகள் அவள் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. அதிகாரி மைக்கில் அவள் பேரைச் சொன்னார். யூஜீன் அடுத்த வாரத்து வார்த்தைகளையும் சேர்த்துச் செலவழித்துக் கத்தினார். தலைவர் போனில் வந்து, "உங்கமேல எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே முழு நம்பிக்கை," என்றார். டிம்னா தன் பெட்டி படுக்கையை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள்.

ஜெயித்தவரைத் தோளில் தூக்குவது எங்கள் வழக்கம். யூஜீனுக்கு முதுகு சரியில்லை. "நகருங்க, தூக்கறது எனக்குத் தொழில்," என்று ஜார்லத் கட்சியை மறந்து முன்னால் வந்து ஒரு பக்கம் குனிந்தான். மறுபக்கத்துக்கு யாரும் வரவில்லை. கேமராக்கள் எல்லாம் லோர்கனைப் பார்த்துத் திரும்பின. லோர்கன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்து வந்து, மறுபக்கம் குனிந்தார்.

டிம்னா மேலே போனாள். அரங்கு முழுவதும் கைதட்டியது.

"என் தோள்ல ஏறினவங்கள்ல மூச்சு விடற முதல் ஆளு நீதான்," என்றான் ஜார்லத்.

லோர்கன் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் கேட்டார். "டிம்னா. நான் போன் பண்ணினப்ப உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. எல்லா வழியும் அவளுக்கு மனப்பாடம்.

"தெரியும் லோர்கன்," என்றாள்.

அவள் தொடைக்குக் கீழே அந்தத் தோள் ஒரு கணம் இறங்கியது. டிம்னா கண்ணை மூடிக்கொண்டாள். கீழே போட்டால் போடட்டும், தனக்கு அது வேண்டியதுதான் என்று நினைத்தாள்.

"சார், படம் சரியா விழல!" என்று கூட்டத்திலிருந்து ஒரு நிருபர் கத்தினார். "இன்னும் கொஞ்சம் உயரமா!"

லோர்கன் ஃபேஹி தன் வாழ்நாளில் ஒரு கேமராவுக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவளை இன்னும் உயரமாகத் தூக்கினார்.